கால்கட்டு அறுத்த அன்று காணாமல் போன பல்

ஹலோ... ஹலோ... அனாராவா? பல் டாக்டர் அனாராதானே? ...நான்தாம்மா, புருல் அக்கா. தாலாயோட அக்கா! ...ஆமா ஆமா, இன்னிக்குத்தான் விருந்து. உன்னையும் கூப்பிட்டோமே... சரி சரி, டூட்டி. டூட்டியில இருக்கேன்னுதான் கூப்பிடுறேன். பிள்ளைக்குப் பல்லு போயிடுச்சும்மா!

...எந்தப் பிள்ளையா? விருந்தே அவனுக்குத்தானே! தாலாய் மகன் எல்தியார். இப்பத்தான் நடக்க ஆரம்பிச்சான்... மேல் முன்பல்லு. ஒண்ணே ஒண்ணு... ரத்தம் நின்னுடுச்சு. அழுகைதான் நிக்கல. என் தம்பிக்குக் கால்கட்டு போட்ட அன்னிக்குக்கூட இந்த வீட்ல இவ்வளவு அழுகை இல்ல.

...விழுந்துட்டான்மா... எப்படின்னா? நீயும் கிர்கிஸ் பொண்ணுதானே, இதைப் போய் கேக்குற? நடக்க ஆரம்பிச்ச பிள்ளைக்குக் கால்கட்டு அறுக்கிற சடங்குதான். காலைக் கட்டி நிக்க வச்சோம்... ஆமா, கறுப்பும் வெள்ளையும் முறுக்கின நூலு... ரெண்டு காலையும் சேர்த்துத்தான். தனித்தனியா கட்டினா அப்புறம் எதை அறுக்கிறது?

...புல்லுல இல்ல, சிமெண்ட் தரை. வீடியோக்காரன்தான் அங்க வெளிச்சம் நல்லாருக்குன்னான்... ஷூவா? புதுசு. கொஞ்சம் பெருசு. வளர்ற பிள்ளைம்மா... வாயில ஒண்ணும் இல்லியே... ஸ்பூன் இருந்துச்சு. அழாம நிக்கட்டும்னு நான்தான் குடுத்தேன்... என்ன, பெருமூச்சு விடுற?

...யாரும் பிடிச்சுக்கல. பிடிச்சுக்கிட்டா நடக்கிற பிள்ளைன்னு யாரு நம்புவா?

...இல்லம்மா, யாரும் தள்ளல. ஓட்டப்பந்தயம்... பொம்பளைங்க பந்தயம். முதல்ல வர்றவங்க நூலை அறுக்கணும். அறுத்தா ஒரு கிடா பரிசு... யாரு முதல்ல வந்தாவா? அது இப்ப எதுக்கு? ...சரி, நான்தான்... நிக்கத்தாம்மா பார்த்தேன்! இந்த உடம்பு நில்லுன்னா நிக்குமா? ...கத்தியா? அது பத்திரமா கையிலேயேதான் இருந்துச்சு... அனாரா? ஹலோ? லைன்ல இருக்கியா?

...ஆமா ஆமா, தேடினோம். ஊரே முட்டி போட்டுத் தேடுச்சு. பக்கத்து வீட்டு நாய் வாயைத் திறந்து பார்த்தாச்சு. கடைசில நானே கண்டுபிடிச்சு, பால்ல போட்டு வச்சிருக்கேன். விழுந்த பல்லைப் பால்ல போடணுமாமே... பசும்பாலுக்கு எங்க போவேன்? குதிரைப்பாலுதான். புளிச்சது... எடுத்துப் பாக்கணுமா? இரு... ம்... கொஞ்சம் நீளமா இருக்கு... நடுவுல ஓட்டை... என்னது, ஆட்டெலும்பா?

...பால்பல்லு கிடைச்சாலும் திரும்ப வைக்க மாட்டீங்களா? அப்ப அந்த நாயை அநியாயமா படுத்திட்டோமே!

...சரி... சரி... மேலுதட்டைத் தூக்கணும். மெதுவா. ஜிபெக், பிள்ளையைக் கொண்டா, தலையைப் பிடிச்சுக்க... உன்கிட்ட இல்லம்மா, பிள்ளையோட அம்மாகிட்ட சொன்னேன்... தூக்கிட்டேன். ஈறு வீங்கியிருக்கு. கறுத்து... இரு, இரு. உள்ள வெள்ளையா என்னமோ தெரியுது. நுனி மட்டும்.

...அதுதானா? ...விழவே இல்லியா? ...உள்ள ஏறிடுச்சா?

...அதுக்கு மேல ஒரு பல்லா? இன்னும் முளைக்காத பல்லுக்கும் அடி பட்டிருக்குமா? ...பெரிய பல்லா? வாழ்நாள் பூரா இருக்க வேண்டிய பல்லா?

...பயமா இருக்கு அனாரா. கிடா ஆசையில நான்... இல்ல, தொட மாட்டேன். இழுக்க மாட்டேன். இப்பவே கூட்டிட்டு வந்துடறோம்... விருந்து கிடக்கட்டும்மா, யாருக்கு வேணும்!

...மயக்கம் இல்ல. வாந்தி இல்ல. நல்லா முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தான்... இப்பவா? பாத்து சொல்றேன். ஜிபெக், பிள்ளை எங்க? ...தாலாய் தூக்கிட்டுப் போனானா? கார்லயா?

...அனாரா, ஒரு நிமிஷம். ஏய்! தாலாய்! அங்க என்னடா பண்ற? ...நூலை அறுக்கிறது வீடியோவுல விழலியா? அதுக்கு?

...ஐயோ அனாரா, முதல் ஓட்டத்துல நூலு அறுபடவே இல்லியாம். பிள்ளை விழுந்ததும் அவிழ்த்துட்டாங்களாம். அறுக்காம விட்டா பிள்ளை வாழ்க்கை பூரா தடுக்கி விழுவானாம்... பெத்த அப்பனே திரும்பக் கட்டுறான்மா! பொம்பளைங்க எல்லாம் கோட்டுல வந்து நிக்கிறாளுங்க... கத்தியோட!

...தெரியும், தெரியும்! போனை வை... நீ வைம்மா, நான் ஓடணும். இந்தத் தடவையும் நான்தான் முதல்ல போய்ச் சேரணும்!