ஆறாவது மெயின் ரோட்டைக் கடக்க நாற்பத்தொரு விநாடி

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, என்னைப் போன்ற பயந்த மனிதனையும் பேசச் சொல்லித் துணிந்திருக்கும் நம் குடியிருப்போர் சங்கத் தலைவர் திரு. கோவிந்தப்பா அவர்களே, நான் எவ்வளவு நேரம் பேசுகிறேன் என்று பார்ப்பதற்காகக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கும் என் நண்பர் ஓஸ்வால்ட் அவர்களே, முன்வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் முன்னாள் செயலாளர் கோதண்டராமன் அவர்களே, இந்த லேஅவுட்டில் சைட் வாங்கிய காலத்தில் பாம்பைக் கண்டும் பயப்படாத பெரியோர்களே, இன்று பஸ்ஸைக் கண்டு பயப்படுகிற தாய்மார்களே, முதுகிலிருந்து லேப்டாப் பையைக்கூட இறக்காமல் வந்திருக்கும் இளைஞர்களே, வாசலோரம் வாக்கரை முன்னால் நிறுத்திக்கொண்டு அமர்ந்திருக்கும் ஜெயலக்ஷ்மி அம்மையார் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இன்னும் பேச்சை நிறுத்தாத மரகதம் அம்மையார் அவர்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

"தமிழல்லே மாத்தாடி சார், நமகெல்லா அர்த்த ஆகுத்தெ" என்று தலைவர் இப்போதுதான் என் காதில் சொன்னார். தமிழிலேயே பேசுங்கள், எங்களுக்கெல்லாம் புரியும் என்று அவர் கன்னடத்தில் கொடுத்த அனுமதியை வைத்துக்கொண்டு தமிழில் பேசுகிறேன்.

என் பெயர் தேசிகன். முப்பத்துநான்கு வருடம் அரசாங்கத்தில் வரைபடம் வரைந்தவன். எனக்குக் கோடு போடத் தெரியும், கூட்டத்தில் பேசத் தெரியாது. ஆகவே ஐந்து தாளில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். அதில் மூன்றாவது தாளைக் காணவில்லை. அந்த இடம் வரும்போது என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

என்ன ஓஸ்வால்ட்? "அதான் மேன் நல்ல பேஜா இருந்திருக்கும்" என்கிறார். இருக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நாளைக் காலை பதினொரு மணிக்கு நகர அலுவலகத்தில் ஒரு விசாரணை இருக்கிறது. நம் ஆறாவது மெயின் ரோடு இன்றுவரை காகிதத்தில் குடியிருப்புச் சாலை. அதை இணைப்புச் சாலை என்று மாற்றலாமா என்று அலுவலகம் கேட்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன்பும் கேட்டது. அப்போது நம் சங்கம் கூடாது என்று ஓர் ஆட்சேபணை கொடுத்தது. அந்த ஆட்சேபணை இன்னும் கோப்பில் உயிரோடு இருக்கிறது. நாளை பதினொரு மணிக்குள் நாம் அதைத் திரும்பப் பெறாவிட்டால் இந்த முறையும் கோப்பு மூடப்படும். மூடினால் மூடட்டுமே, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. யாருக்கு நஷ்டம் என்பதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

ஜெயலக்ஷ்மி அம்மையாரை உங்களுக்குத் தெரியும். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சாலையின் கிழக்குப் பக்கம் அவர் வீடு. மேற்குப் பக்கம், நேர் எதிரே, மரகதம் அம்மையார் வீடு. இடையில் இருப்பது முப்பதடித் தார். இருபது வருடமாக தினமும் மாலை நான்கு மணிக்கு இருவரும் கேரம் ஆடுவார்கள். சிரிக்காதீர்கள், சிவப்புக் காயை அவர்கள் போடுகிற விதத்தைப் பார்த்தவன் நான். சென்ற வருடம் ஜெயலக்ஷ்மி அம்மையாருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. இப்போது வாக்கரில் நடக்கிறார். அன்றிலிருந்து பதினொரு மாதம், அவர் ஒரு நாள்கூட அந்த முப்பதடியைக் கால்நடையாகக் கடக்கவில்லை.

ஆட்டம் நின்றுவிட்டதா? நிற்கவில்லை. இவர் பால்கனியில் போனோடு உட்காருவார். அவர் எதிர் பால்கனியில் பலகையை வைத்துக்கொண்டு இருவர் காய்களையும் தானே அடிப்பார்.

"ஜயா, உன் காய் ஒண்ணு விழுந்துச்சுடி."

"எந்தக் குழியில?"

"வலது பக்கம்."

"நான் இடது பக்கம்தானே அடிக்கச் சொன்னேன்? நீ திருடறே. உன் காயை மட்டும் நல்லா பாத்து அடிக்கறே."

"அப்ப நீயே வந்து அடியேன்."

இந்தக் கடைசி வாக்கியத்தோடு, நண்பர்களே, அன்றைய ஆட்டம் முடிந்துவிடும். நான் அடுத்த வீட்டுக்காரன், எனக்குக் கேட்கும்.

ஒரு முறை பொறுக்க முடியாமல் ஜெயலக்ஷ்மி அம்மையார் ஆட்டோவைக் கூப்பிட்டார். நாணு என்று நம் ஸ்டாண்ட் டிரைவர், அதோ பின்னால் நின்றுகொண்டிருக்கிறார். "எங்கம்மா போகணும்?" என்றார். "எதிர் வீட்டுக்கு." "எந்த எதிர் வீடு?" "இதோ, அந்தப் பச்சை கேட்." நாணு கேட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தமாஷ் பண்றாங்களா சார்?" என்று கேட்டார். தமாஷ் இல்லை. இந்தச் சாலையில் மாலை வேளையில் ஆட்டோவைத் திருப்பவும் இடம் கிடைப்பதில்லை. சர்க்கிள் வரை போய்த் திரும்பி வந்தார்கள். முப்பதடி கடக்க ஒன்றேகால் கிலோமீட்டர், இருபத்திரண்டு நிமிடம். இன்று இந்தக் கூட்டத்துக்கும் அப்படித்தான் வந்திருக்கிறார்.

நான் எதையும் அளந்து பார்த்துப் பழகியவன். அவர் வீட்டுக் கூடத்தில் முப்பதடி நடக்கச் சொல்லி நேரம் பார்த்தேன். நாற்பத்தொரு விநாடி. சந்தேகம் வந்து மறுநாளும் பார்த்தேன். நாற்பத்தொன்று. "தேசிகன் சார், இன்னொரு தடவை நடக்கச் சொன்னீங்கன்னா உங்க மேலயே வாக்கரை விட்டுடுவேன்" என்றார். நிறுத்திக்கொண்டேன்.

பிறகு சாலைக்கு வந்தேன். நம் லேஅவுட் இளைஞர்கள் வைஷ்ணவி, ஹரிஷ்குமார், அப்புறம் ஓஸ்வால்ட், நான், நால்வரும் முறை வைத்து மூன்று வேலைநாட்கள் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை எண்ணினோம். சராசரியாக ஒரு நாளில் கடந்தவை பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது வண்டிகள். கம்பெனி பஸ் எத்தனை, தண்ணீர் டேங்கர் எத்தனை, டெலிவரி பைக் எத்தனை என்று எல்லாம் பிரித்து வைத்திருக்கிறேன், வேண்டுபவர்கள் பிறகு பார்க்கலாம். ஒரே ஓர் எண்ணை மட்டும் மனத்தில் வையுங்கள். அந்த மூன்று நாளிலும், இரு பக்கமும் வண்டியே வராமல் சாலை சும்மா கிடந்த மிக நீண்ட இடைவெளி எவ்வளவு தெரியுமா?

ஒன்பது விநாடி.

அவருக்கு வேண்டியது நாற்பத்தொன்று. சாலை கொடுப்பது ஒன்பது. கணக்கு டீச்சருக்கு இந்தக் கழித்தலை நான் சொல்லித்தர வேண்டுமா?

சிக்னல் வையுங்கள் என்று கேட்டு நகர அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பொறியாளர் மரியாதையாகத்தான் பேசினார். "குடியிருப்புச் சாலைக்கு சிக்னல் வைக்க எங்களுக்கு விதி இல்லை சார். இணைப்புச் சாலையாகட்டும், இரண்டு பக்கமும் நடைபாதை, நடுவில் பாதசாரி சிக்னல், எத்தனை விநாடி வேண்டுமோ அத்தனை விநாடி வைத்துத் தருகிறோம். ஆனால் இது அமைதியான சாலை என்று உங்கள் சங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறதே" என்று கோப்பைத் திருப்பிக் காட்டினார்.

கோப்பில் இருந்தது என் கையெழுத்து.

இதுதான் அந்தக் காணாமல் போன மூன்றாவது தாளில் எழுதியிருந்த விஷயம். தாள் தானாகத் தொலைந்ததா, நான் தொலைத்தேனா என்று எனக்கே இப்போது சந்தேகம் வருகிறது. பரவாயில்லை, தாளில்லாமலே சொல்கிறேன்.

ஒன்பது வருடத்துக்கு முன் கோதண்டராமன் சார் என் வீட்டுக்கு வந்தார். "தேசிகன், உங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். இது அமைதியான ரோடுன்னு புள்ளிவிவரத்தோட ஒரு ஆட்சேபணை எழுதிக் குடுங்க" என்றார். புள்ளிவிவரம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்குச் சோறு வேண்டாம். எனக்கு வேறு வேலை இல்லாத ஒரு விடுமுறை நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். காலையில் என் ஸ்கூட்டரைக் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, வாழைக்கன்று கட்டி, எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றி இறக்கிவிட்டு, பன்னிரண்டு மணி நேரம் எண்ண உட்கார்ந்தேன்.

ஆம், சிரியுங்கள். உங்களுக்குப் புரிந்துவிட்டது. ஒன்பது வருடமாக எனக்குப் புரியவில்லை.

ஆயுத பூஜை. பெங்களூரில் பைக், பஸ், லாரி, லேத் பட்டறை எல்லாம் மாலை போட்டுக்கொண்டு வீட்டில் நிற்கும் ஒரே நாள். தண்ணீர் டேங்கர்கூட இரண்டு பக்கமும் வாழைக்கன்றோடு மாப்பிள்ளைபோல நின்ற நாள். அந்த நாளில் எண்ணினேன். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. அதில் அறுபத்தொன்று எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுத் திரும்பி வீட்டுக்குள் போனவை. அதையும் நேர்மையாக அடிக்குறிப்பில் எழுதினேன்.

எனக்கு எச்சரிக்கை கிடைக்கவில்லையா? கிடைத்தது. எண்ண உட்கார்ந்தால் கையில் பென்சில் இல்லை. வீட்டிலிருந்த பேனா, பென்சில், ஸ்கேல், நோட்டு எல்லாம் பூஜையில் இருந்தன. அன்று எழுதவும் கூடாது, படிக்கவும் கூடாது. ஓஸ்வால்ட் வீட்டுக்கு ஓடினேன். "என்ன மேன் தேசிகன், இன்னிக்கு உங்க ஆளுங்க பென்சிலே தொட மாட்டீங்களே. எங்கிட்ட வந்து நிக்கறே?" என்றார். "ஒரு சின்னக் கணக்கு, சாயங்காலம் குடுத்துடறேன்" என்றேன். என் வீட்டுப் பென்சில் எழுத மறுத்த நாளில் இரவல் பென்சிலால் எழுதினேன், நண்பர்களே. சென்ற மாதம் அந்தத் தாளைப் பார்த்த வைஷ்ணவி, "அங்கிள், இந்தத் தேதி என்னன்னு பாத்தீங்களா?" என்றாள். "திங்கட்கிழமை" என்றேன். "ஆயுத பூஜை அங்கிள்" என்றாள். அன்று நான் சாப்பிடவில்லை.

அந்த இருநூற்றுப் பதினான்கை நம்பி நகரம் ஒன்பது வருடம் நம் சாலையை மறந்திருக்கிறது. ஜெயலக்ஷ்மி அம்மையாரைப் பதினொரு மாதம் பால்கனியில் உட்காரவைத்தது பஸ்ஸா? டேங்கரா? நான் பிடித்த பென்சில்.

என்ன சார்? "ரோட்டு கிளாஸை மாத்தினா நாளைக்கே கடை வரும், கூட்டம் வரும், அப்புறம் உக்காந்து அழுவீங்க" என்கிறார் கோதண்டராமன் சார். நியாயமான பயம். எனக்கும் இருக்கிறது. ஆனால் கடைகளையும் எண்ணினேன். இன்றே பதினான்கு இருக்கின்றன. அதில் ஒன்று உங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் லேப்டாப் பழுது பார்க்கிறது. கோபிக்காதீர்கள், என் லேப்டாப்பையும் அங்கேதான் கொடுத்தேன், நன்றாகச் செய்தார்கள். கடை வந்துவிட்டது. கூட்டம் வந்துவிட்டது. பஸ் வந்துவிட்டது. புகை வந்துவிட்டது. இணைப்புச் சாலையின் இடைஞ்சல் எல்லாம் இங்கே இருக்கிறது. வராதது எது? நடைபாதை வரவில்லை. விளக்கு வரவில்லை. சிக்னல் வரவில்லை. சாலை வளர்ந்துவிட்டது, நாம்தான் அதற்குச் சின்ன வயதுச் சட்டையைப் போட்டு நிறுத்தியிருக்கிறோம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நடைபாதை வந்தால் நம் வாசல் சரிவுகள் போகும். கார் ஏற்றுவதற்காகச் சாலைப்பக்கம் நீட்டிக் கட்டியிருக்கிறோமே, அவை. என்னுடையது மூன்றடி இரண்டங்குலம். நேற்றுக் காலை ஆள் வைத்து இடித்துவிட்டேன். இடிக்கும் முன் மூன்று முறை டேப் பிடித்தேன். "எஷ்டு சல அளத்தீரா சார், அது ஓடி ஹோகல்ல" என்றார் வேலைக்கு வந்தவர். எத்தனை தடவை அளந்தாலும் அது ஓடிப் போகாது என்கிறார். அவருக்கு என் வரலாறு தெரியாது.

ஆட்சேபணையைத் திரும்பப் பெறும் கடிதம் என் பையில் இருக்கிறது. தலைவர் ஒப்பமிட வேண்டுமானால் உங்கள் கைகள் உயர வேண்டும். ஆனால் வழக்கம்போல் தூக்கிவிட்டு உடனே இறக்கும் கை எனக்கு வேண்டாம். நாற்பத்தொரு விநாடி உயர்த்தியபடி வைத்திருக்கும் கைதான் வேண்டும். ஓஸ்வால்ட், கடிகாரத்தைப் பாருங்கள். சம்மதம் உள்ளவர்கள் கையை உயர்த்துங்கள். ஜெயலக்ஷ்மி அம்மையார் தம் வாசலிலிருந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பம்.

ஐந்து. நடக்கிறார்.

ஒன்பது. ஏழடிகூடத் தாண்டவில்லை. இவ்வளவுதான் இன்றைய சாலை கொடுக்கும் நேரம். இதோ பஸ் வந்துவிட்டது. இறக்காதீர்கள். உங்கள் கைதான் அந்த பஸ்ஸை நிறுத்தி வைத்திருக்கிறது.

இருபது. நடுச்சாலை. மூச்சு வாங்க ஒரு கணம் நிற்கிறார். தோள் வலிக்கிறதா? அவருக்கு இடுப்பு வலிக்கிறது. நிற்கட்டும், நாம் காத்திருப்போம்.

முப்பது. பின்னால் லேப்டாப் பையோடு நிற்பவரே, உங்களைப் பார்க்கிறேன், நன்றி. நாணு, இரண்டு கையையும் தூக்கினாலும் ஓர் ஓட்டுதான்.

முப்பத்தெட்டு. எதிர்க் கேட் திறக்கிறது.

நாற்பத்தொன்று.

வந்துவிட்டார். கையை இறக்கலாம். மரகதம் அம்மையார் அழுகிறார், தண்ணீர் கொடுங்கள். கோதண்டராமன் சார், வலது கை வலித்ததும் நீங்கள் இடது கைக்கு மாற்றியதை நான் பார்த்தேன். உங்களுக்கு என் தனி வணக்கம்.

தலைவர் ஒப்பமிடுகிறார். எண்ணுவதில் இனி என்னை நீங்கள் நம்ப வேண்டியதில்லை, எத்தனை கை என்று தலைவரே எண்ணிக்கொள்ளட்டும். ஓஸ்வால்ட், இந்தாருங்கள் உங்கள் பென்சில். ஒன்பது வருடம் தாமதம், பாதிதான் மிச்சம். தேய்ந்துபோன பாதியில்தான் பதினோராயிரத்து அறுநூற்று நாற்பதை எழுதினோம்.

பயந்தவன் பேசும்வரை பொறுத்த சபைக்கும், பிழைசெய்தவனைச் சிரித்து மன்னித்த அண்டை வீட்டாருக்கும், உயர்ந்து நின்ற ஒவ்வொரு கைக்கும் நன்றி. நாளை பதினொரு மணிக்கு அலுவலக வாசலில் சந்திப்போம். ஜெயலக்ஷ்மி அம்மா, கேரம் பலகைக்குப் பவுடர் போட்டு வைக்கச் சொல்லுங்கள். வணக்கம்.