அண்ணன் சட்டையில் ரெண்டு கிலோ வெங்காயம்

நாத்தனார்: ஒரே ஒரு பைங்க… சின்னதா இருந்தாலும் போதும்.

கடைக்காரர்: சின்னதும் இல்ல, பெருசும் இல்லம்மா. பிளாஸ்டிக் பை கொடுக்கறத நிறுத்தி எவ்வளவோ நாளாச்சு. உங்க பக்கம் இன்னும் கொடுக்கறாங்களா?

நாத்தனார்: எங்கயும் இல்லதான். எனக்குக் கைய வீசிட்டு வந்தே பழகிப்போச்சு. அண்ணி, தக்காளிய இந்தத் துப்பட்டாவுல முடிஞ்சுக்கட்டுமா?

அண்ணி: தாராளமா. வீடு போய்ச் சேர்றதுக்குள்ள துப்பட்டாவுக்குப் புதுச் சாயம் ஏறிடும்.

கடைக்காரர்: அக்கா இருக்கறப்ப என்னம்மா கவலை? அக்கா, அந்தக் கட்டம் போட்ட பைய எடுங்க.

அண்ணி: இந்தா, வாய அகலமா விரிச்சுப் பிடி. வெங்காயம் அடியில, தக்காளி மேல.

நாத்தனார்: அட, நல்லா பெருசா… அண்ணி… இதுல காலர் இருக்கு.

அண்ணி: அதான் வாய். மேல் பொத்தானப் போட்டா மூடிக்கும்.

நாத்தனார்: அப்ப இது…

அண்ணி: சட்டைக் கை. ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டா தோள்ல மாட்டிக்கலாம். அடியில ரெட்டைத் தையல். முதல்ல ஒத்தைத் தையல்தான் போட்டேன், நடுரோட்டுல உருளைக்கிழங்கு…

கடைக்காரர்: திசைக்கு ஒண்ணா ஓடிச்சு! நான்தான் பொறுக்கிக் கொடுத்தேன். பச்சை மிளகாய் பாக்கெட்டுலதானேக்கா?

அண்ணி: பாக்கெட்டுலதான். நசுங்காது.

நாத்தனார்: இது அண்ணன் சட்டை.

அண்ணி: ஆமா.

நாத்தனார்: நான் எடுத்துக் கொடுத்த சட்டை!

அண்ணி: நல்ல துணி. உன் கைராசி, எவ்வளவு போட்டாலும் தாங்குது.

நாத்தனார்: விளையாடாதீங்க அண்ணி. மத்த சட்டையெல்லாம்?

கடைக்காரர்: கோடு போட்டது மாடி வீட்டம்மாகிட்ட இருக்கு. வெள்ளை, டீச்சருக்கு. நேத்து ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாங்க பாருங்க… உங்கண்ணனே ரெண்டு ஆளா வந்து க்யூவுல நின்ன மாதிரி…

அண்ணி: கடைக்காரரே, தராசப் பாருங்க.

கடைக்காரர்: பாத்துட்டேதான்க்கா இருக்கேன். முட்டை?

அண்ணி: டப்பா இருக்கு. எண்ணெய்க்கு பாட்டில். முன்னெல்லாம் ஒண்ணு எடுத்தா ஒண்ண மறப்பேன். இப்ப செருப்ப மறந்தாலும் பைய மறக்கறதில்ல. சரி, வர்றோம்… நீ அந்தக் கையப் பிடி, நான் இந்தக் கையப் பிடிக்கறேன். நட.

நாத்தனார்: கனமா இருக்கு.

அண்ணி: இருக்காதா? உங்கண்ணன் இப்பதான் முதல் தடவையா வீட்டுக்கு மளிகை கொண்டு வர்றாரு.

நாத்தனார்: சிரிப்பு வரல அண்ணி. அவர் போனதுலேருந்து அத்தனை சட்டையையும் இஸ்திரி போட்டு அடுக்கி வச்சிருந்தீங்க. அலமாரி பக்கம் யாரையும் விட மாட்டீங்க. இப்ப தெருவுக்கே வெட்டிக் கொடுத்திருக்கீங்க.

அண்ணி: கடையில பை இல்ல. வீட்டுல துணி சும்மா கிடந்துச்சு. அவ்வளவுதான்.

நாத்தனார்: அண்ணன் திரும்பி வந்தா…

அண்ணி: எங்கேருந்து?

நாத்தனார்: எங்கேருந்தோ. சொல்லாமக் கொள்ளாமப் போனவரு, அதே மாதிரி வந்து வாசல்ல நின்னா… உள்ள விடுவீங்களா?

அண்ணி: சைக்கிள் வருது, ஓரமா வா.

நாத்தனார்: பேச்ச மாத்தாதீங்க.

அண்ணி: நீதான்டி சுத்தி வளைக்கற. உன் வீட்டுக்கு எதிர்லயே கடை. பஸ் மாறி இங்க வந்து தக்காளி வாங்கணுமா?

நாத்தனார்: உங்களப் பாக்கத்தான்…

அண்ணி: என்னப் பாக்கவா? என் மனசப் பாக்கவா?

நாத்தனார்: மனசத்தான் அண்ணி.

அண்ணி: கையத் தாழ்த்தாத. வெங்காயம் ஒரு பக்கமா சாயுது.

நாத்தனார்: அண்ணன் எங்க வீட்டுலதான் இருக்காரு அண்ணி. நேர்ல வர பயம். “அவ மனசு எப்படியிருக்குன்னு பாத்துட்டு வா”ன்னு அனுப்பினாரு. இத்தனை நாள் மறைச்சது தப்புதான்… நல்லா திட்டுங்க.

அண்ணி: உன்னத் திட்டி என்ன ஆகப்போகுது? பை நிறுத்தின புதுசுல நான் வாளியிலதான் வெங்காயம் வாங்கிட்டு வந்தேன். ஊரே சிரிச்சுது. அப்பவும் அவர் சட்டையில கை வைக்க மனசு வரல. அப்புறம் உனக்குக் காய்ச்சல்னு பாக்க வந்தேன். உன் வீட்டு மாடிக் கொடியில ஒரு பச்சை சட்டை காஞ்சுட்டு இருந்துச்சு. எல்லாப் பொத்தானும் வெள்ளை, ஒண்ணு மட்டும் கறுப்பு. அது நான் தச்ச பொத்தான். அன்னைக்கு சாயந்திரம்தான் கத்திரிய எடுத்தேன். அந்தப் பச்சை ஒண்ணு அவருகிட்டயே இருக்கட்டும்னு சொல்லிடு.