முட்டுக் கொடுக்காத பள்ளம்

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, வேலை உடுப்போடு நேரே வந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நக்லா அம்மையாரே! கணவர் வஜ்தியை இழந்த உங்கள் முன்னால் நிற்க எனக்குத் தகுதி உண்டா? இல்லை. ஆனாலும் நான்தான் பேச வேண்டும்.

பாதுகாப்பு அலுவலர் வஜ்தி ஷலபி அவர்கள் பதினாறு ஆண்டுகள் அலெக்சாண்ட்ரியாவின் கட்டுமானத் தளங்களில் நின்றவர். கண்ணால் பார்க்காத எதையும் படிவத்தில் எழுதாதவர். சாரத்தின் ஒவ்வொரு பிணைப்பையும் கையால் அசைத்துப் பார்த்த பிறகே பேனாவைத் திறப்பார். 'முடியாது வஜ்தி' என்று ஒப்பந்தக்காரர்கள் அவருக்குப் பட்டம் வைத்திருந்தார்கள்.

சென்ற மாதம் கழிவுநீர்க் குழாய்க்காகப் பள்ளம் தோண்டினோம். நான்கு மீட்டர் ஆழம், மணல் மண். பலகை அடித்து முட்டுக் கொடுக்கவில்லை. தளப் பொறுப்பாளனான நான் அனுமதிப் படிவத்தை அவரிடம் நீட்டினேன்.

"முட்டு வரட்டும் ஹில்மி. அப்புறம் இறங்கலாம்" என்றார்.

மேலிடம் நெருக்குகிறது என்றேன். படிவத்தில் 'இறங்கக் கூடாது' என்று எழுதித் தந்துவிட்டு, பலகை கொண்டுவர அவரே கிளம்பினார். அவர் போனதும் புதிய படிவம் ஒன்றை எடுத்து, 'இறங்கலாம்' என்று எழுதி, அவர் இடத்தில் நான் கையெழுத்திட்டேன். ஆம் தோழர்களே, நான்தான்.

மறுநாள் காலை ஏழு பேர் இறங்கினார்கள். பலகை லாரியோடு திரும்பிய வஜ்தி அவர்கள் விளிம்பில் மண் வெடித்திருப்பதைக் கண்டு, எல்லோரையும் மேலே ஏறச் சொன்னார். வேலை பாதியில் நிற்கிறதே என்று உள்ளே இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

"மேல வந்து எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்கப்பா. இப்ப ஏறுங்க."

ஆறு பேர் ஏறினார்கள். ஏழாமவர் அப்துல் மௌஜூதின் கால் குழாயடியில் சிக்கிக்கொண்டது. யாரையும் இறங்க விடாதவர், தானே இறங்கினார். காலை விடுவித்து அவரை ஏணியில் ஏற்றிவிட்டார். பின்னால் இவர் ஏணியைப் பிடிப்பதற்குள் மண் சரிந்தது. தோண்டி எடுக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. மூச்சு இல்லை.

மூன்றாம் நாள் நிறுவனம் என் முன்னே ஒரு அறிக்கையை வைத்தது. முட்டு இருந்ததாம், வஜ்தி விதியை மீறி இறங்கினாராம். இறந்தவர் மீதே பழி! நான் கையெழுத்திடவில்லை. ஆனால் உண்மையைச் சொல்லவும் துணியவில்லை. போன வாரம்தான் நக்லா அம்மையாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? சொல்ல வேண்டிய இடத்துல போய்ச் சொல்லுங்க" என்றார்.

இன்று காலை இரண்டு படிவங்களையும் அரசு வழக்கறிஞரிடம் ஒப்படைத்துவிட்டேன். நாளை என்னைக் காவலில் எடுப்பார்கள். மன்னிப்புக் கேட்க நான் இங்கே வரவில்லை.

சனிக்கிழமை தளம் மீண்டும் திறக்கிறது. வஜ்தி அவர்கள் இருக்க மாட்டார். அவர் பணியை இனி யார் செய்வது? நீங்கள்தான். யார் எந்தத் தாளைக் காட்டினாலும், பள்ளத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். முட்டு இல்லையென்றால் இறங்காதீர்கள்.

அதோ, கட்டுப்போட்ட காலோடு அப்துல் மௌஜூத் எழுந்து நிற்கிறார். இறங்க மாட்டோம் என்பவர்கள் அவரோடு எழுந்து நில்லுங்கள்.