காலுக்குள்ளே பெரட்டு

மாரிசாமி: ...இல்ல பஸீல் நானா, காது வச்சே கேட்டேன். காலுக்குள்ள பெரட்டு நடக்குது.

பஸீல்: காலுக்குள்ளயா?

மாரிசாமி: விடியக்காலைல தேயிலைத் தோட்டத்துல பேரு கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவாங்களே... அதே பெரட்டு. கங்காணி போடுற சத்தம் நமுனுகுல மலை வரைக்கும் கேக்குது.

பஸீல்: கிளினிக் வாங்குப் பலகையில குந்திக்கொண்டு இப்படிக் கதைச்சா வேற வாட்டுக்கு அனுப்பிருவாங்க.

மாரிசாமி: டாக்டரம்மா சொன்னதுதான். லாரி இடிச்சதுல எலும்பு ரெண்டடி காணாமப் போச்சா...

பஸீல்: ஒரு அங்குலம்.

மாரிசாமி: ...அந்தப் பள்ளத்துல தூளை ரொப்பி வச்சாங்க. தூளு ஒரு வேலையும் செய்யாது. கங்காணி மாதிரி நிக்கும். நம்ம ஒடம்புச் செல்லுங்க வந்து அதைத் தொட்டுப் பாக்கும். தொட்டதும் உள்ள இருக்கிற மரபணுவுல சிலது முழிக்கும், சிலது தூங்கும். மொதல்ல குப்பை அள்ள ஒரு கூட்டம். அப்புறம் ரத்தத்துக்கு ரோடு போட ஒரு கூட்டம். எலும்பு கட்ட இன்னொண்ணு.

பஸீல்: வேலைக் கள்ளன் ஒருத்தனும் இல்லையா?

மாரிசாமி: இல்லாம? அதே செல்லு மெத்துன்னு இருக்குற எடத்துல உக்காந்தா கொழுப்பா மாறிடுமாம். கெட்டியான எடம் கெடைச்சாத்தான் எலும்பு.

பஸீல்: ஏன் என்ட வயித்தைப் பாக்கிறீங்க?

மாரிசாமி: மாட்டெறைச்சிக் கடையில மெத்தை போட்டு உக்காந்தவரு நீங்க. சும்மா பாத்தேன்.

பஸீல்: போன எக்ஸ்ரேயில ஒண்டுமே தெரியல்லயே.

மாரிசாமி: பெரட்டு நேரத்துல கூடையைப் பாத்தா கொழுந்து இருக்குமா? ஆனா இன்னைக்குத் தெரியணும். இல்லைன்னா காலைத் திரும்பத் தொறக்கணுமாம். கதிர்காமத்துக்கு நடக்குறது அவ்வளவுதான்.

பஸீல்: பஸ்ஸில போகலாமே.

மாரிசாமி: நடந்து வாறேன்னு சொல்லிட்டு பஸ்ஸுல எறங்கினா முருகன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது? நானா, மாடு தொடாம வெரதம் காத்து நடக்கிறவன் நான்.

பஸீல்: தெரியாதா? பெருநாளைக்கு உங்களுக்கு மட்டும் தனிச்சட்டியில கோழி. என்ட பொஞ்சாதி இண்டைக்கும் ஏசுறா. காய்ச்சலுக்குச் சூப்பு வைக்க நல்ல எலும்பாப் பாத்துத் தந்தாலும்...

மாரிசாமி: திருப்பிக் குடுத்தேன். நாப்பது வருசமா.

பஸீல்: ஒரு தரம் கூட வாங்கல்ல.

மாரிசாமி: ஆமா நானா... அந்தத் தூளு அரைச்ச கல்லுதானே?

பஸீல்: கல்லு.

மாரிசாமி: மருந்துக்கடையில வாங்கிட்டு வந்தது நீங்கதானே. பொட்டியில என்ன போட்டிருந்துச்சு?

பஸீல்: இங்கிலீசில என்னமோ... கண்ணாடி கொண்டு போகல்ல.

மாரிசாமி: அப்ப வாசிக்கல?

பஸீல்: இல்ல.

மாரிசாமி: நல்லது.

பஸீல்: என்ன நல்லது?

மாரிசாமி: கண்ணுக்கு. ஓய்வு வேணும்ல.

டாக்டர் கலாராணி: மாரிசாமி ஐயா, படம் வந்திருச்சு.

மாரிசாமி: சொல்லுங்க டாக்டரம்மா. திரும்ப வெட்டுவீங்களா?

டாக்டர் கலாராணி: வேணாம். இங்க பாருங்க, பள்ளத்துல மேகம் மாதிரி வெள்ளையா... புது எலும்பு. உங்க சொந்த எலும்பு.

பஸீல்: அல்ஹம்துலில்லாஹ்!

மாரிசாமி: முருகா! நாளைக்கே கெளம்பலாமா?

டாக்டர் கலாராணி: நாளைக்குக் கம்பு ஊண்டி அடுப்படி வரைக்கும். ஆடி வரட்டும், கதிர்காமத்தைப் பாப்போம்.

பஸீல்: மாரிசாமி... நடக்க முந்தி ஒண்டு சொல்லோணும். அந்தத் தூள்...

மாரிசாமி: கல்லு.

பஸீல்: கல்லில்ல. மாட்டெலும்பு. சுட்டுச் சுத்தமாக்கினதுதான்... எண்டாலும் மாடு. அண்டைக்குக் கண்ணாடி என்ட மூக்கிலதான் இருந்திச்சு. சொன்னா நீங்க அதைத் தோண்டி எடுக்கச் சொல்லுவீங்க எண்டு பயந்து...

டாக்டர் கலாராணி: பஸீல் நானா, அவருக்கு...

மாரிசாமி: டாக்டரம்மா, நீங்க பேசாதீங்க.

டாக்டர் கலாராணி: ஆப்பரேசனுக்கு முந்தியே நான் கேட்டு, அவர் சரின்னு சொல்லித்தானே வச்சேன்!

பஸீல்: தெரியுமா...? அப்ப முருகன்?

மாரிசாமி: முருகன்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன் நானா. வெரதம் நாக்குக்குத்தானேன்னு விட்டுட்டாரு. ஒங்ககிட்டச் சொல்லத்தான் பயம். 'என் கடை எலும்பை வேணாம்னவன் காலுக்குள்ள என்ன இருக்கு பாருங்க'ன்னு... பதுளை டவுனு பூரா மைக் கட்டிச் சொல்லுவீங்களே.