கட்டிலுக்கு அடியில் உண்ணி

— அந்தக் காதையும் திருப்பிப் புடிங்க காத்தமுத்தண்ணே. பாருங்க, மடிப்புக்குள்ள கொத்தா தொங்குது. எல்லாம் உயிரோடதான் இருக்கு. இதோ, கால ஆட்டுது.

— அதத்தான் டாக்டரம்மா கேக்க வந்தோம். மாத்திரை குடுத்து ஒரு வாரம் ஆவுது. என்னா சொல்றேன்னா, உண்ணி ஒண்ணும் சாவல, நாய்க்குத்தான் புத்தி பெரண்டு போச்சு.

— சுக்கானுக்கு ஒண்ணும் பெரளல.

— அண்ணி, செத்த சும்மா இருங்க. அத டாக்டரம்மா சொல்லட்டும். அதுக்குத்தான கருக்களாச்சேரியிலேர்ந்து தலத்தெரு வரைக்கும் இவன மடியில வச்சிக்கிட்டு ஆட்டோவுல வந்திருக்கோம்.

— புத்தி பெரண்டுச்சுன்னா? என்ன பண்றான்?

— வெறும் கட்டிலப் பாத்து வால ஆட்டுறான் டாக்டரம்மா. முன்ரூம்புல எங்கண்ணன் படுக்குற கட்டிலு. வெளக்கு வச்சா போதும், போய் நின்னுக்கிட்டு மொறைச்சிப் பாக்குறான். மாத்திரை குடுத்ததுக்கு மறுநாளுலேர்ந்து இதே வேலை.

— உங்க அண்ணன் இப்ப...

— புரட்டாசியில கடலுக்குப் போனாருங்க. அவரு போன படகு மட்டும் வேளாங்கண்ணிப் பக்கம் கரை ஒதுங்குச்சு. அண்ணன் வரல.

— வரல. அவ்வளவுதான். செத்துட்டாருன்னு யாரும் பாக்கல.

— இப்புடித்தான் டாக்டரம்மா சொல்லிக்கிட்டே இருக்கு. தை அமாவாசைக்குக் கருமாதி வச்சிடலாம்னு ஊர்ல பேசி முடிச்சாச்சு. இப்ப நாய் வால ஆட்டுறதப் பாத்துட்டு, அவரு ராத்திரி வந்து போறாரு, வைக்கக் கூடாதுங்குது.

— நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன் டாக்டரம்மா. இது மாத்திரையால வந்த கோளாறுன்னு நீங்க உங்க வாயால சொல்லிட்டா, அமாவாசைக்கு நான் தாலியக் கழட்டிடுறேன்.

— செல்லக்கா, ஒரு நாய் மாத்திரைய வச்சா இத முடிவு பண்றது?

— வேற எத வச்சிப் பண்ண? கடலக் கேட்டேன். அது சொல்லல.

— சரி. உக்காருங்க ரெண்டு பேரும். எனக்குத் தெரிஞ்சத ஒண்ணொண்ணா பாத்துருவோம்.

— அன்னிக்கே நான் சொன்னேன், பொடரி மேல ஊத்துற சொட்டு மருந்து போதும்னு.

— அண்ணே, சொட்டு மருந்து தோல்ல இருக்குற எண்ணெப்பசையில பரவி நிக்கும். இவன் தெனம் அலையில குதிக்கிறான். எத்தன நாளைக்கு நிக்கும்? கழுத்துப் பட்டையும் அப்படித்தான், உப்புத் தண்ணியில ஊறுனா பாதி பலன் போச்சு. ஊசி ஒண்ணு இருக்கு. ஆனா சில நாய்ங்களுக்கு அந்த மருந்து மூளைக்குள்ள போயி மயங்கி விழுந்துரும். இவன் என்ன ஜாதிக் கலப்புன்னே தெரியாதப்ப எனக்கு மனசு வரல. அதான் மாத்திரை.

— வாயில போடுற மாத்திரை, மேல ஒட்டியிருக்குற உண்ணிய எப்புடிக் கொல்லும்?

— அதுலதான் அழகே இருக்கு. கேளுங்க. மாத்திரை வயித்துல கரைஞ்சி ரத்தத்துல கலந்துரும். ஒரு மாசத்துக்கு மேல ரத்தத்துலயே சுத்திக்கிட்டு இருக்கும். வெளியில வாசனை கூட வராது. உண்ணி வந்து கடிச்சி ரத்தம் குடிக்கணும். குடிச்சா மருந்து அதுக்குள்ள போவும், நரம்பு இழுத்துக்கிட்டுச் செத்து உதிரும். கடிக்காத உண்ணிய அது ஒண்ணும் பண்ணாது.

— உண்ணிக்கு நரம்பு இழுத்தா நாய்க்கும் இழுக்காதா?

— நல்லாக் கேட்டீங்க. உண்ணியோட நரம்ப அந்த மருந்து கெட்டியாப் புடிச்சிக்கும், நாயோட நரம்ப லேசாத்தான் தொடும். ஆனா அளவு மீறக் கூடாது. அதுக்குத்தான் சுக்கான எடை போட்டு, பதினெட்டு கிலோவுக்குத் தகுந்தத குடுத்தேன். வாந்தி, பேதி சிலதுக்கு வரும், தானா நின்னுரும். நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு, இதெல்லாம் அபூர்வமா வரும். ஏற்கெனவே வலிப்பு வந்த நாய்க்கு இந்த மாத்திரைய யோசிச்சித்தான் குடுக்கணும்.

— ஒரே எடத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறது?

— அதுவும் வலிப்புல ஒரு வகைதான்.

— கேட்டீங்களா அண்ணி!

— அண்ணே, முழுசாச் சொல்ல விடுங்க. அக்கா, அப்படி நிக்கிறப்ப பேரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறானா?

— திரும்புவான். என்னயப் பாப்பான். மறுபடி கட்டிலப் பாப்பான். உன் கண்ணு என்ன அவிஞ்சா போச்சுன்னு கேக்குற மாதிரி.

— தாடை வெட்டி வெட்டி இழுக்குதா? எச்சில் ஒழுகுதா?

— இல்ல. தலையச் சாச்சிக் குடுப்பான். அவரு காதுக்குப் பின்னாடி சொறிஞ்சி விடுவாரு, அப்ப குடுப்பானே, அதே மாதிரி.

— அது வலிப்பு இல்ல அக்கா.

— டாக்டரம்மா! உங்கள நம்பி அழைச்சிட்டு வந்தேன்.

— வலிப்பு இல்லன்னுதான் சொன்னேன். கட்டில்ல ஆளு இருக்குன்னு நான் சொல்லலயே.

— இருக்கட்டும். இதப் பாத்துட்டுச் சொல்லுங்க. தெனம் காலையில கட்டிலுக்கு அடியில கூட்டுறப்ப கெடக்குது.

— அய்ய, தீப்பெட்டியில போட்டா கொண்டாந்தீங்க? இத இவ்வளவு நேரம் மடியிலயா கட்டியிருந்தீங்க?

— குடுங்க, சன்னல் பக்கம் பாக்கலாம். உண்ணிதான். வயிறு உப்பியிருக்கு, காலு மடங்கிக் கெடக்கு. வீட்டுல பூச்சி மருந்து ஏதும் அடிச்சீங்களா?

— சாணி கூடத் தெளிக்கல.

— அப்ப இது மாத்திரையோட வேலைதான்! ரத்தம் குடிச்சிட்டு செத்திருக்கு. அடடா, இது தெரியாம பேசிக்கிட்டு இருக்கோம். சுக்கான் கட்டிலுக்கு அடியில போய்ப் படுக்குறான், செத்தது அங்க உதிருது. முடிஞ்சிது.

— அப்புடிப் போடுங்க! கேட்டீங்களா அண்ணி, இதான் விசயம்.

— சுக்கான் அந்த ரூம்புக்குள்ள போக மாட்டான் டாக்டரம்மா. அவரு விட மாட்டாரு. குட்டியிலேர்ந்து பழக்கி வச்சிருக்காரு. நெலப்படியில நின்னுதான் வால ஆட்டுவான், அங்க நின்னுதான் தலையக் குடுப்பான். இன்னிக்கு வரைக்கும் தாண்டல.

— ராத்திரியில?

— கொல்லையில பூவரச மரத்துல கட்டிப் போடுறேன். மாத்திரை குடுத்தா தள்ளாடுறானான்னு பாக்கணும், கட்டிப் போடுங்கன்னு நீங்கதான சொன்னீங்க.

— சொன்னேன். இன்னொரு தடவ அந்தக் காதக் காட்டுங்கண்ணே. இல்ல, இது சரியா வரல. இவன் ரத்தத்தக் குடிச்சி அங்க அத்தனை செத்திருந்தா, இதுங்க மட்டும் இவ்வளவு குடிச்சிட்டு எப்படி உயிரோட இருக்கு? ஒரே ரத்தம்தான?

— மாத்திரை பழசா இருக்கும்.

— பழசுன்னா அங்கயும் செத்திருக்காது அண்ணே.

— உயிரோட இருக்குறதும் கட்டில் கால்ல ஏறுது டாக்டரம்மா. செவுத்து வெடிப்புலேர்ந்து எறங்கி, பாய்க்கும் போவாம அடுப்படிக்கும் போவாம, நேரா அங்கதான் போவுது.

— பசிச்ச உண்ணிக்குக் கண்ணு பெருசா உதவாது அக்கா. மூச்சுக்காத்தும் உடம்புச் சூடும் எங்கேர்ந்து வருதோ அங்க போவும். அந்தக் கட்டில்ல யாரு படுக்குறா?

— யாரும் படுக்குறதில்ல. நான் அடுப்படியில படுக்குறேன்.

— என்னயப் பாக்காதீங்க டாக்டரம்மா, என் வூடு எதுத்தாப்புல.

— மாத்திரையக் குடுத்தது யாரு? சுக்கான் முழுங்குனத யாராவது கண்ணால பாத்தீங்களா?

— சாப்பாட்டோட குடுங்கன்னீங்க. பொரிச்ச சங்கரா மீன் ஒண்ண எடுத்து வயித்தக் கீறி, உள்ள வச்சி அமுக்கி, அண்ணி வூட்டு அடுப்பு மேடையில தனித்தட்டுல வச்சிட்டு வலை பிரிக்கப் போயிட்டேன். அண்ணிதான் போட்டிருக்கும்.

— அது மாத்திரை வச்ச மீனா?

— பின்ன? தனியா வச்சிருந்தா நாய்க்குன்னு தெரியாதா?

— தனியா எடுத்து வைக்கிறது அவருக்குத்தான தம்பி? கடலுக்குப் போனவரு திரும்புற வரைக்கும் மொத மீன அவருக்குன்னு எடுத்து வைக்கிறது நம்ம வூட்டுப் பழக்கமில்லையா? நீ அத விட்டுட்டன்னு நெனச்சிருந்தேன். அன்னிக்கு மேடையில அந்தத் தட்டப் பாத்ததும் எனக்கு அழுவையே வந்துருச்சு. பரவால்ல, தம்பியும் இன்னும் நம்புதுன்னு.

— அண்ணி...

— சோத்தப் போட்டு, உன் மீன மேல வச்சி, கட்டில்கிட்ட கொண்டு போய் மூடி வச்சேன். ரூம்பு கதவத் தாழ்ப்பாப் போட்டேன். சுக்கானுக்கு நான் போட்டது தலையும் குழம்புஞ்சோறுந்தான்.

— அப்ப நாய் மாத்திரையே திங்கலயா?

— திங்கல அண்ணே. காதப் பாத்தாலே தெரியுது. அக்கா, அந்தத் தட்டு?

— மத்த நாள்ல வச்சது வச்சபடியே இருக்கும், காலையில காக்காய்க்குப் போடுவேன். அன்னிக்குத் தட்டுல முள்ளு மட்டும் இருந்துச்சு. ஓரமா ஒதுக்கி வச்சி, மறுபடி மூடியிருந்துச்சு. தம்பி கையால வச்சதுன்னுதான் சாப்புட்டாரு போலருக்கு.

— பூனை! பூனை வந்திருக்கும்!

— பூனை முள்ள ஒதுக்கி வச்சிட்டு மூடியும் போடுமா தம்பி?

— இத ஏன் என்கிட்ட சொல்லல?

— சொன்னா எனக்கும் ஒரு மாத்திரை வாங்கிட்டு வந்திருப்ப.

— டாக்டரம்மா, நீங்க எல்லாத்துக்கும் ஒரு விளக்கம் சொல்வீங்களே. சொல்லுங்க.

— இந்தத் தீப்பெட்டியில இருக்குறது ரத்தம் குடிச்சிருக்கு. அந்த ரத்தத்துல மருந்து இருந்திருக்கு. அது சுக்கானோட ரத்தம் இல்ல. இது வரைக்கும் எனக்குத் தெரியும் அண்ணே.

— அதுக்கு மேல?

— அதுக்கு மேல தெரியல.

— இருக்கட்டும். நாய் உண்ணி மனுசரக் கடிக்குமா டாக்டரம்மா?

— கடிக்கும். பக்கத்துல நாய் இல்லன்னா கடிக்கும்.

— அப்ப இத மட்டும் சொல்லிடுங்க. கடலுக்குப் போனப்ப அவரு அறுவத்தஞ்சு கிலோ இருந்தாரு, இப்ப என்னா எடைன்னு தெரியல. அந்த ஒரு மாத்திரை அவர ஏதும் பண்ணிடாதுல்ல?