கோட்டையில் சொன்ன சொல்

“கைநாட்டு வைத்த குடும்பத்துக்கு முன்னோரைத் தேடி என்ன ஆகப்போகிறது?” என்று விடுதித் தோழி ஒருத்தி என்னிடம் கேட்டாள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். தேடத்தான் லைப்சிக்கிலிருந்து, நம் ஊருக்கு வந்த ஜெர்மன் பாதிரிமாரின் பழைய ஏடுகள் இருக்கும் ஹாலே காப்பகத்துக்கு ரயிலேறினேன். எதிர் இருக்கையில் ஒரு யாழ்ப்பாணத்து அக்காவும் அவர் தம்பியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அந்த ஸ்பெயின் கோட்டைக்குத் திரும்பவும் போகவேணும், தம்பி.”

“போத்துக்கீசரோட வந்த எங்கட மூதாதை அங்கத்தையான் எண்டு கண்டுபிடிச்சாச்சு. இனி என்ன, சிம்மாசனத்தில குந்தப் போறியளோ?”

“அண்டைக்குக் கோட்டையை விட்டு வெளிக்கிடேக்க, வெறும் அறையைப் பாத்து, பழக்கத்தில ‘போயிட்டு வாறன்’ எண்டிட்டன்.”

“அதுக்கென்ன?”

“உள்ளுக்கிருந்து ‘ஓம், வா பிள்ளை’ எண்டு கேட்டது.”

“தமிழிலயோ?”

“தமிழிலதான். இப்ப டோர்ட்மண்ட் வீட்டிலயும் கேக்குது, ‘எப்ப வாறாய்’ எண்டு. நித்திரை கொள்ள ஏலாமல் கிடக்கு.”

தம்பி சிரிப்பதை நிறுத்தினார். “அப்ப ஒருக்காப் போங்கோ. வரேக்க ‘போறன்’ எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

“அப்பிடிச் சொன்னால் என்னை விடுவினமோ?”



ஹாலே வந்தது. எழுந்தபோது, அவர்களைப் பார்த்து ‘போய் வருகிறேன்’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயை இறுக மூடிக்கொண்டு இறங்கி, காப்பகத்தின் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டேன்.