மணமில்லாத காற்று

எனக்குச் சீனி போடாத பிளேன்டீ போதும், சேர். களைப்பாக இருக்கிறது. வாக்குமூலத்தை ஒருமுறைதான் சொல்வேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நானும் றொபேட்டும் கீரிக் கடற்கரையில் ஒரு கொட்டிலை வாடகைக்கு எடுத்து, சின்னச் செயற்கைக்கோள்களை விண்வெளியில் திருப்பி நகர்த்தும் எஞ்சின் செய்தோம். அழுத்தி அடைத்த நைட்ரஜன் ஒரு நுண்துளையால் சீறும், செயற்கைக்கோள் நகரும். அவ்வளவுதான். மற்றவர்கள் செய்தால் யானை விலை, எங்களுடையது மலிவு. சோதனைக்குக்கூட, கடலடியில் மூழ்கிக் கடலட்டை பிடிப்பவர்கள் கழித்துவிட்ட மஞ்சள் சிலிண்டர்களைத்தான் வாங்கினோம்.

றொபேட் சுழியோடிக் குடும்பம். சனிக்கிழமைகளில் தமையன்மாரோடு அட்டைக்குப் போவான். தன் காற்றுச் சிலிண்டரையும் கொட்டிலிலேயே வைப்பான். எல்லாம் ஒரே மஞ்சள் என்பதால், நைட்ரஜன் உள்ளதன் கழுத்தில் நீல டேப் சுற்றுவது எங்கள் வழக்கம்.

எஞ்சினை றொக்கெற்றில் ஏற்ற ஒரு கம்பனி ஒப்புக்கொண்ட வாரம் அவன் சொன்னான்:

“மச்சான், எஞ்சின் வால்வு கசியுது. கம்பனிக்குச் சொல்லுவம்.”

“சொன்னா இந்தமுறை ஏத்தமாட்டாங்கள்டா.”

“தலைமன்னார் பஸ்ஸே விட்டா அடுத்தது வருது. றொக்கெற் வராதோ?”

நானும் சிரித்தேன். ஆனால் கம்பனி கம்பனியாகக் கதிரையில் காத்திருந்தவன் நான், அவன் அல்ல. இன்னொரு முறை காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. திங்கட்கிழமை சொல்லிவிடுவதென்று அவன் முடிவெடுத்திருந்தான்.

வெள்ளி மாலை ஒரு நைட்ரஜன் சிலிண்டரின் டேப்பை உரித்து, அவனுடையது இருந்த இடத்தில் வைத்தேன். அவனுடையதை அலுமாரிக்குப் பின்னால் தள்ளினேன். நேற்று நீங்கள் எடுத்தது அதைத்தான்.

சனி காலை, சுழியோடிகள் எல்லோரும் செய்வதுபோல, வால்வைத் திறந்து ஒரு வாய் இழுத்துப் பார்த்தான், காற்று நிரப்பும் மெஷினின் எண்ணெய் மணக்கிறதா என்று. நைட்ரஜனுக்கு மணமில்லை, சேர்.

“நல்ல காத்து மச்சான்” என்றான். படகில் ஏற்ற நான்தான் கைகொடுத்தேன்.

ஒரு வாயில் ஒன்றும் தெரியாது, தொடர்ந்து இழுத்தால் ஒட்சிசன் இல்லாமல் மயக்கம் வரும், ஆனால் மூச்சுத் திணறாது. நித்திரை வருவதுபோலத்தான் இருக்கும். அவனுக்கு வலிக்கக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். உடலோடு சிலிண்டரும் கரைக்கு வந்தபோது, சனத்துக்குள் நின்று, யாரும் கவனிக்காமல் டேப்பை மறுபடி சுற்றினேன். அவசரத்தில் மாறி எடுத்துவிட்டான் என்று தமையன்மாரே சொன்னார்கள்.

செத்தவீடு முடிந்தபிறகு எஞ்சினின் வால்வைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்த ரப்பர் வாசர் தேய்ந்திருந்தது. புதியதைப் போட்டேன், கசிவு நின்றது. ஒரு பின்னேர வேலை. றொக்கெற்றில் ஏற்றினார்கள்.

கொலை என்று எழுதுங்கள், மறுக்கவில்லை. கம்பனியை ஏமாற்றினேன் என்று மட்டும் எழுதாதீர்கள், சேர். நான் அனுப்பியபோது அதில் கசிவே இல்லை.